வராதவர்களுக்காக எடுத்த பிச்சை

நவம்பர் பிறந்தால் இந்த ஊரில் ஆண்கள் பூ வைத்துக்கொள்ள ஆரம்பித்துவிடுகிறார்கள். நம்மூரில் இருக்கும் உங்களுக்கு இதை நம்புவது கஷ்டம். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. இங்கிலாந்தின் வடக்கே, கம்பளி மில்கள் நிறைந்த ஒரு ஊரில் நான் பஸ் கண்டக்டராகச் சேர்ந்த முதல் வருடம் அது. ஒருநாள் காலையில் டிக்கெட் போட மேல்தளத்துக்கு ஏறினேன். மில்லுக்குப் போகிற கிழவர்கள், பேங்க் குமாஸ்தாக்கள், முந்தின இரவு குடித்த நெடி இன்னும் போகாத இளவட்டங்கள், எல்லோர் கோட்டிலும் இடது பக்கம் ஒரு சிவப்புக் காகிதப் பூ. காரைக்குடியில் சட்டையில் பூக் குத்திக்கொண்டு ஒரு ஆம்பிளை பஸ் ஏறினால் அவன் மாப்பிள்ளையாக இருக்கவேண்டும், இல்லையென்றால் எலெக்ஷனில் நிற்கிறவனாக இருக்கவேண்டும். இங்கே ஒரு பஸ் நிறைய மாப்பிள்ளைகள், அதுவும் சிரிக்காத மாப்பிள்ளைகள்.

என் டிரைவர்தான் விவரம் சொன்னார். பூவுக்குப் பாப்பி என்று பெயர். இரண்டு பெரிய சண்டைகளிலும் செத்துப்போன சிப்பாய்களின் ஞாபகத்துக்கு வைத்துக்கொள்வதாம். தெருமுனைகளில் பெண்கள் ஒரு தட்டில் பூவும் கையில் ஒரு தகர டப்பாவுமாக நிற்பார்கள். டப்பாவில் காசு போட்டால் ஒரு பூ தருவார்கள். காசு, கை கால் போன சிப்பாய்களுக்கும் செத்தவர்களின் குடும்பங்களுக்கும் போகும். நல்ல காரியம். இரண்டாம் நாள் டிப்போவில் இன்ஸ்பெக்டர் என் வெறும் கோட்டை ஒரு பார்வை பார்த்தார். மூன்றாம் நாள் நானும் ஒரு பூ வாங்கிக் குத்திக்கொண்டேன். குத்திக்கொண்ட இடம் நாள் முழுக்க எரிந்தது. ஏனென்றால் அந்த இரண்டாவது சண்டையில்தான் என் அப்பாவும் செத்தார். அவர் செத்ததற்காக என் அம்மாவின் தலையிலிருந்து பூவை எடுத்தார்கள்.

அப்பாவின் பெயர் கருப்பையா. நாச்சியாபுரத்தில் கொஞ்சம் நிலம் இருந்தது, மழை இல்லை. பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றார். நெஞ்சை அளந்து பார்த்துச் சேர்த்துக்கொண்டார்கள். பர்மா எல்லைக்கு அனுப்பினார்கள். அவர் எந்தக் கொடிக்குக் கீழே நின்று சுட்டாரோ, அதே கொடிக்குக் கீழே நின்று சுட்டவர்களுக்குத்தான் இந்தப் பூ. அவர் ரயிலேறிய அன்றைக்கு அம்மா கொப்புடையம்மன் கோயிலில் வேண்டிக்கொண்டாள்: மனுஷன் முழுசாகத் திரும்பி வந்தால் ஏழு தெருவில் மடிப்பிச்சை எடுத்து உண்டியலில் போடுகிறேன் என்று. அவர் வரவில்லை. தந்திதான் வந்தது. உடம்பு இல்லை, சாம்பல் இல்லை, புதைத்த இடம் எதுவென்று சொல்லவும் ஆள் இல்லை. ஊர்ப் பெண்கள் கூடி ஒரு நாளைக் குறித்து, அம்மாவை உட்காரவைத்து, தலையில் பூ வைத்து, அதே கையால் எடுத்தார்கள். அம்மா மீனாளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. நான் வீட்டின் மூலையில் உட்கார்ந்து கடலைமிட்டாய் தின்றுகொண்டிருந்தேனாம். யாரோ என் வாயை அடைக்க வாங்கிக் கொடுத்தது.

பிறகு நாங்கள் காரைக்குடியில் செக்காலைக்கு வந்தோம். அம்மா ஒரு தையல் மெஷினில் ஜாக்கெட் தைத்து என்னைப் படிக்கவைத்தாள். திருவிழா, கல்யாணம், எல்லா வீட்டுப் பெண்களுக்கும் அவள் தைத்தாள். எந்த வீட்டிலும் முன்னால் போய் நின்றதில்லை. பூக்காரி எங்கள் தெருவில் கூவிக்கொண்டு வருவாள், எங்கள் வாசல் வரும்போது மட்டும் வாயை மூடிக்கொள்வாள். மரியாதைக்காக என்று சொல்வார்கள். எனக்கு அந்த மரியாதையைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

1970இல் அம்மாவை இங்கே அழைத்துக்கொண்டு வந்தேன். ஒற்றை மகன், தனியாக அங்கே விட மனம் வரவில்லை. வெயில் காலத்தில் வந்தாள், அதனால் ஊர் பிடித்திருந்தது. நவம்பரில் ஒரு சனிக்கிழமை காய்கறி வாங்கக் கூட்டிக்கொண்டு போனேன். மார்க்கெட்டுக்குப் பக்கத்தில், பேங்க் முனையில், திருமதி பார்க்கர் நின்றுகொண்டிருந்தார். கம்பளிக் கடைக்காரரின் மனைவி, காரும் பங்களாவும் உள்ளவர், என் பஸ்ஸில் ஏறியதே இல்லை. கொட்டும் குளிரில் மூக்கு சிவக்க, பூத்தட்டும் டப்பாவுமாக நின்றார். அம்மா நடையை நிறுத்திவிட்டாள்.

"ஏய்யா ராசு, இந்தம்மா வசதியானவுகதானே?"

"ரொம்ப வசதிம்மா."

"பெறகு எதுக்கு இந்தக் குளிர்ல தெருவுல நின்னு கேக்குறாக?"

சண்டையில் செத்தவர்களுக்காக என்று சொன்னேன். அம்மா அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். காசு போடுகிறவர்கள் பேரம் பேசவில்லை, மீதி கேட்கவில்லை. போட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். பிறகு ஏதோ பெரிய சந்தேகம் தீர்ந்தவள்போலச் சொன்னாள்: "மடிப்பிச்சையில்ல எடுக்குறாக. நம்மள மாதிரியே. வந்தவுகளுக்குத்தான் எடுக்கணும்னு நான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்யா. வராதவுகளுக்கும் எடுக்கலாம் போலருக்கே."

மடிப்பிச்சையைப் பற்றி நம்மூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இங்கேயே பிறந்து வளரும் நம் பிள்ளைகளும் இதைப் படிக்கக்கூடும், அவர்களுக்காகச் சொல்கிறேன். பிள்ளைக்குக் காய்ச்சல், புருஷனுக்கு வழக்கு என்று சாமியிடம் வேண்டிக்கொண்டவர்கள், வேண்டியது நடந்ததும் மடியை ஏந்திக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பிச்சை எடுப்பார்கள். கிடைத்ததை அப்படியே சாமிக்குச் சேர்ப்பார்கள். சின்ன வயதில் செக்காலையில் ஒரு மதியம் பார்த்திருக்கிறேன். கோட்டை போல வீடு உள்ள ஒரு ஆச்சி, காதில் வைரத்தோடு மின்ன, செருப்பில்லாமல் கொதிக்கிற மண்ணில் நடந்து வந்து எங்கள் வாசலில் மடியை விரித்தார். ஜாக்கெட் தைத்த கூலியை அம்மா பல தடவை நடந்து வாங்குகிற வீடு அது. அம்மா உள்ளே போய் ஒரு படி அரிசியை அள்ளிக்கொண்டு வந்து போட்டாள். ஆச்சி குனிந்து வாங்கிக்கொண்டார். இந்தப் பிச்சையில் எடுக்கிறவர் யாராக இருந்தாலும் தாழ்ந்தவர், கொடுப்பவர் யாராக இருந்தாலும் உயர்ந்தவர். யாரும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. நிற்கிறவரைப் போ என்று சொல்லவும் கூடாது, கொடுப்பதை வேண்டாம் என்று சொல்லவும் கூடாது.

அந்தக் கணக்கில்தான் அம்மா இந்த ஊரையும் பார்த்தாள். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக அந்த மனுஷருக்காக அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒரு கல் இல்லை, திதி கொடுக்க நாள் நிச்சயமில்லை. இப்போது ஒரு வழி தெரிந்துவிட்டது. அவர் பேரைச் சொல்லித் தெருவில் நின்று கேட்கவேண்டும். கிடைத்ததை அவரோடு செத்தவர்களுக்குச் சேர்க்கவேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை. மார்க்கெட்டில் சிவப்புத் துண்டுத் துணி வாங்கித்தரச் சொன்னாள். நான் வாங்கித்தந்தேன். அந்த வாரம் முழுக்க, நான் டியூட்டி முடிந்து வரும்போதெல்லாம் துணியை வெட்டிச் சுருக்கிப் பூ செய்துகொண்டிருந்தாள். கருப்பு நூலில் நடுவே ஒரு முடிச்சு. திருமதி பார்க்கரின் காகிதப் பூ மழை பட்டால் நைந்துவிடும்; அம்மாவின் பூவை இழுத்தாலும் பிரியாது. நாற்பத்தெட்டு வயதில் அவள் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு சுறுசுறுப்பு. தெருவில் நின்று காசு வாங்க இந்த ஊரில் போலீஸ் பெர்மிட் வேண்டும் என்பதோ, இன்னார்தான் நிற்கலாம் என்று இந்தப் பூவைச் செய்து தரும் பழைய சிப்பாய்கள் சங்கம் முன்கூட்டியே ஆள் குறித்துவைக்கும் என்பதோ எங்கள் இருவருக்கும் தெரியாது. இறந்தவனை நினைக்க லைசென்ஸ் கேட்பார்கள் என்று யாருக்கய்யா தோன்றும்?

அடுத்த சனிக்கிழமை எனக்கு டியூட்டி. அம்மா தனியாகப் போனாள். வெள்ளைச் சேலை, மேலே என்னுடைய பழைய பஸ் கோட்டு, கையில் ஒரு மூங்கில் கூடை, அதில் பூ. கூடையைக் காலடியில் வைத்து, சேலை முந்தியை மடியாக ஏந்திக்கொண்டு திருமதி பார்க்கருக்கு எதிர் முனையில் நின்றிருக்கிறாள். வாய் திறக்கவில்லை, மடிப்பிச்சைக்காரர் சத்தம்போட்டுக் கேட்பதில்லை அல்லவா? சனங்கள் கொடுத்திருக்கிறார்கள். அதை நான் சொல்லியாகவேண்டும். இந்த ஊர்ச் சனங்கள், கறுத்த முகத்தைக் கண்டால் பஸ்ஸில் அடுத்த சீட்டுக்கு மாறுகிறவர்கள்கூட, அன்றைக்கு அவள் மடியில் காசு போட்டுப் பூ வாங்கிக்கொண்டு போனார்கள்.

மத்தியானம் என் பஸ் மார்க்கெட்டைச் சுற்றித் திரும்பியது. படியில் நின்ற நான் பார்த்தேன்: அம்மாவுக்கு ஒரு பக்கம் போலீஸ்காரர், இன்னொரு பக்கம் நெஞ்சு நிறைய மெடல் குத்திய ஒரு பெரிய மனிதர், எதிரே திருமதி பார்க்கர், சுற்றிலும் சின்னக் கூட்டம். மணியை அடித்துப் பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கி ஓடினேன். கண்டக்டர் இல்லாமல் பஸ் நகரக்கூடாது. பின்னால் ஹாரன் சத்தம் கேட்டது. என்னைக் கண்டதும் அம்மா நிம்மதியாகச் சிரித்தாள்.

"வாய்யா. இவுக ஏதோ கேக்குறாக, எனக்கு விளங்கல. அப்பா பேரக் கேக்குறாக போல. கருப்பையான்னு சொல்லிட்டேன்."

அந்தப் பெயரைத்தான் போலீஸ்காரர் எழுதிக்கொண்டிருந்தார், குற்றவாளியின் பெயராக.

மெடல் போட்டவர் அந்தச் சங்கத்தின் செயலாளர். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும், நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் மெதுவாக, பள்ளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல எனக்கு விளக்கினார். அனுமதியில்லாமல் தெருவில் பூ விற்பது குற்றம். சங்கம் செய்த பூவைத் தவிர வேறு பூவை இந்த நாளில் விற்கக்கூடாது. போன வருடம் எங்கிருந்தோ வந்த சில பயல்கள் போலிப் பூ விற்றுக் காசைச் சாராயக் கடையில் செலவழித்துவிட்டார்கள். ஆகவே இப்போது கண்டிப்பு. எல்லாம் நியாயம். ஒரு வார்த்தையிலும் என்னால் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நான் சொன்னேன்: இவள் விற்கவில்லை. இது எங்கள் ஊர் நேர்த்திக்கடன். இவள் கணவர் உங்கள் பட்டாளத்தில் பர்மாவில் செத்தவர்.

செயலாளரின் முகம் மலர்ந்தது. "நானும் பர்மாவில் இருந்தேன். உங்கள் ஆட்கள் அருமையாகச் சண்டை போட்டார்கள்" என்றார். சொல்லிக்கொண்டே குனிந்து பூக்கூடையை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

அம்மா என்னைப் பார்த்தாள். "கூடைய எதுக்குய்யா எடுக்குறாக?"

நான் பதில் சொல்வதற்குள் திருமதி பார்க்கர் முன்னால் வந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. கெட்ட மனுஷி இல்லை. தன் தட்டிலிருந்து ஒரு பாப்பியையும் ஒரு ஊசியையும் எடுத்து, "பாவம், இவருக்கு நானே ஒன்று தருகிறேன்" என்று அம்மாவின் தோளில் குத்த வந்தார். அம்மா பதறிப் பின்னால் போய்ச் சுவரில் இடித்துக்கொண்டாள்.

"வேணாம்னு சொல்லுய்யா! நான் எப்படிய்யா பூ வைப்பேன்? அவரு செத்துல்ல போனாரு!"

எங்கள் ஊரில் கணவனை இழந்தவர்கள் பூ வைப்பதில்லை என்று சொன்னேன். "இது அலங்காரம் இல்லையே, அவர் கணவருக்குச் செய்கிற மரியாதைதானே" என்றார் திருமதி பார்க்கர். அதைத் தமிழில் அம்மாவிடம் எப்படிச் சொல்வது? உன் பூவை எடுத்ததும் அவருக்குச் செய்த மரியாதை, இப்போது வைக்கச் சொல்வதும் அவருக்குச் செய்கிற மரியாதை என்றா? செயலாளரின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. போலீஸ்காரரிடம் திரும்பித் தணிந்த குரலில், ஆனால் எனக்குக் கேட்கும்படி சொன்னார்: "பார்த்தீர்களா, தான் வைத்துக்கொள்ள மனமில்லாத பூவைத்தான் விற்க வந்திருக்கிறார்."

போலீஸ்காரர் நல்ல மாதிரி. கேஸ் எதுவும் போடவில்லை, இனிமேல் நிற்கக்கூடாது என்று எச்சரித்துவிட்டு நோட்டை மூடினார். பூக்களைச் செயலாளர் ஒரு காகிதப் பையில் கொட்டிக்கொண்டார். அழித்துவிடவேண்டும் என்பது விதியாம். அம்மா ஒரு வாரம் தைத்த பூ. அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள், அழவில்லை. பிறகு மடியிலிருந்த காசை ஒரு மஞ்சள் துணியில் போட்டு முடிச்சுப் போட்டு என்னிடம் நீட்டினாள்.

"பூ போகட்டும்யா. இதை அந்த டப்பாவுல போட்டுரு. வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாது. பிச்சையில வந்தது, செத்தவுகளுக்குச் சேரணும்."

நான் முடிச்சை அவிழ்த்துக் காசை எடுத்துக்கொண்டு திருமதி பார்க்கரின் டப்பாவிடம் போனேன். செயலாளர் டப்பாவின் வாயைத் தன் உள்ளங்கையால் மூடினார். முறையில்லாமல் வசூலான பணத்தைச் சங்கம் வாங்கிக்கொள்ள முடியாது, மன்னிக்கவேண்டும் என்றார். அவர் கையில் கறுப்புத் தோல் உறை. பஸ்ஸை விட்டு இறங்கியதற்கு டிப்போவில் மெமோ கொடுத்தார்கள். அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை.

அன்றிலிருந்து அம்மாவுக்கு இந்த ஊர் வேண்டாமென்றாகிவிட்டது. குளிர் தாங்கவில்லை என்று பக்கத்து வீட்டுப் பஞ்சாபிப் பெண்ணிடம் சைகையில் சொல்லிக்கொண்டிருந்தாள். பொங்கல் முடிந்ததும் அனுப்பிவைத்தேன். மஞ்சள் முடிச்சை மடியில் செருகிக்கொண்டு விமானம் ஏறினாள். அவள் போன சில வாரத்தில், நம்மூரில் அணாவை ஒழித்து நயா பைசா கொண்டுவந்ததுபோல, இங்கேயும் காசு முறையை மாற்றினார்கள். அவள் மடியில் விழுந்திருந்த பழைய பென்னிகள் அந்த வருடக் கடைசிக்குள் எந்தக் கடையிலும் செல்லாமல் போயின. புதுக்காசாக மாற்றித்தரட்டுமா என்று முதலிலேயே ஊருக்குப் போன ஒருவர் மூலம் கேட்டிருந்தேன். குடுத்தது குடுத்தபடியே போய்ச் சேரணும், மாத்தப்படாது என்று சொல்லிவிட்டாளாம்.

1972 டிசம்பரில் லீவில் ஊருக்குப் போனேன். கொடி நாள் வந்தது. முந்தின வருடம்தான் நம் நாட்டிலும் சண்டை முடிந்திருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் காகிதக் கொடியும் உண்டியலுமாகத் தெருத் தெருவாக வந்தார்கள். செக்காலையில் எங்கள் வாசலுக்கு ஒரு டீச்சர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பட்டாளத்துக்காரர்களுக்கு என்று கேட்டதும், அம்மா உள்ளே ஓடிப்போய் அந்த மஞ்சள் முடிச்சை அவிழ்த்து உண்டியலில் கொட்டினாள். பெரிய காசு சில உள்ளே போகாமல் வாயில் சிக்கிக்கொண்டன. அவற்றை டீச்சர் கையில் வாங்கிக்கொண்டார். அன்றிரவு அம்மா நிம்மதியாகத் தூங்கினாள். கொஞ்ச நாள் கழித்து டீச்சர் ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்து நின்றார்.

"தப்பா நெனச்சுக்கிராதீக அம்மா. இது வெளிநாட்டுக் காசு, ஆபீஸ்ல வாங்கமாட்டேங்குறாக. பேங்க்குல கொண்டு போய்க் காட்டினேன். அந்த நாட்டுலயே இது இப்ப செல்லாதாம்."

அம்மா பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். டீச்சருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். அவர் போனபிறகு காசைத் திரும்ப மஞ்சள் துணியில் முடிந்தாள். கோயில் உண்டியலில் போட்டுவிடலாமே அம்மா என்றேன்.

"வேண்டிக்கிட்டது நடந்திருந்தா அம்மனுக்குப் போட்டிருப்பேன். இது அவளுக்கு எடுத்ததில்லய்யா. அந்தத் தெருவுல நின்னு, அப்பா பேரச் சொல்லி எடுத்தது. அங்குட்டே கொண்டு போ. வாங்குற வரைக்கும் கேட்டுக்கிட்டே இரு."

கொண்டுவந்தேன். ஒவ்வொரு நவம்பரிலும் முடிச்சைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு போய் டப்பா வைத்திருப்பவரிடம் நீட்டுகிறேன். சிலர் விநோதமாகப் பார்க்கிறார்கள். போன வருடம் நின்ற ஒரு இளம்பெண், பழைய நாணயம் சேர்க்கிறவர்கள் யாராவது வாங்கக்கூடும் என்று நல்ல மனதோடு யோசனை சொன்னாள். லீவு கிடைத்து ஊருக்குப் போகும்போதெல்லாம் முடிச்சையும் எடுத்துப்போகிறேன், அதை இங்கே தனியாக விட்டுவிட்டுப் போக எனக்கு முடியவில்லை. நான் வாசலில் காலை வைத்ததும் அம்மா சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை.

"வாங்கிக்கிட்டாகளா?"

"அடுத்த வருசம் வாங்கிக்குவாகம்மா."

லீவு முடியும்போது மறுபடி பெட்டியை அடுக்குகிறேன். வேட்டியும் ஊறுகாயும் இந்த ஊரில் வெளியே வரும், கம்பளிச் சட்டை அந்த ஊரில் வெளியே வரும். அந்த மஞ்சள் முடிச்சு மட்டும் எந்த ஊரிலும் தங்குவதில்லை, திரும்பவும் பெட்டிக்கே வந்துவிடுகிறது.